குரோஸாவாவுக்கு மாலை, காட்ஸில்லாவுக்கு வசை

சென்ற இதழில் நண்பர் ஒருவர் பல்கலைக்கழகங்களின் சீரழிவு பற்றி எழுதியிருந்தார். சீரழிவு பற்றி எனக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. அதற்கு அவர் தந்திருக்கும் சான்றுதான் இதை எழுத வைக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இப்போது ஜப்பானியப் பொம்மைப் படங்களும், ராட்சசப் பல்லி ஊரை மிதிக்கும் படங்களும், படக்கதைப் புத்தகங்களும் பாடமாம். அவற்றைப் படித்துப் பட்டம் வாங்க இங்கிருந்தும் பிள்ளைகள் போகிறார்களாம். குரோஸாவாவையும் ஓஸுவையும் தந்த தேசத்திலிருந்து பொறுக்கிக்கொள்ள இந்தக் குப்பைதானா கிடைத்தது என்று கேட்கிறார். கேள்வியில் கோபம் இருக்கிறது. விஷயஞானம் இல்லை.

இது அவர் ஒருவருடைய அபிப்பிராயமாக இருந்தால் கடிதம் எழுதி முடித்திருப்பேன். நம் சிறு வட்டத்தில் அநேகமாக எல்லோருடைய அபிப்பிராயமும் இதுதான். வியாபாரப் பத்திரிகையையும் வியாபார சினிமாவையும் எதிர்த்து நாம் கட்டிக்காத்து வந்த ரஸனை இது. அந்த ரஸனையிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ரஸனை வேறு, அறிதல் வேறு. ஒரு பொருள் எனக்குப் பிடிக்கவில்லை என்பது அதை யாரும் படிக்கக் கூடாது என்பதற்குக் காரணமாகாது. காலரா பிடித்துப்போயா டாக்டர் அதைப் படிக்கிறார்? இந்த உதாரணம்கூட நண்பருக்குச் சாதகமானதுதான். ஏனென்றால், நான் சொல்லப்போகும் விஷயங்கள் நோயும் அல்ல.

முதலில் நம் கையில் என்ன ஜப்பான் இருக்கிறது என்று கணக்குப் பார்ப்போம். பேங்க் குமாஸ்தாவுக்குக் கணக்குப் பார்ப்பது பழகிய காரியம். என் கணக்கில் நாலு ஜப்பான்கள் தேறுகின்றன.

ஒன்று ஹைக்கூ ஜப்பான். 1916-ல் பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். கல்கத்தா மாடர்ன் ரிவ்யூவில் நொகுச்சி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எழுதியது அது. புதுச்சேரியில் அடைபட்டிருந்த ஒருவர் அந்தக் காலத்தில் அவ்வளவு செய்தது பெரிய காரியம். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. 1980-களிலிருந்து ஹைக்கூத் தொகுதிகள் வந்து குவிகின்றன. ஆனால் வழி மாறவில்லை. இன்றைக்கும் ஆங்கிலத்தில் வந்ததைத்தான் பார்த்துப் போடுகிறோம். ஜப்பானியர் ஹைக்கூவை மரபாக மேலிருந்து கீழாக ஒரே வரியில் எழுதுகிறார்கள். அதை மூன்றாக மடித்துப் போட்டது மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கம். நாம் ஹைக்கூ இலக்கணம் என்று சத்தியம் செய்யும் மூன்று வரி ஆங்கிலக்காரன் பக்கத்தின் மூன்று வரி.

இரண்டு, உறவுமுறை ஜப்பான். சுஸுமு ஓனோ என்ற மொழியறிஞர் 1980-ஐ ஒட்டி, ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்ற வாதத்தை வைத்தார். 2008-ல் இறக்கும்வரை அதை விடவில்லை. அந்த நாட்டு மொழியியலாளர்களில் பலர் அதை ஏற்கவில்லை. ஏற்காததற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பது நம் மேடைகளில் பேசப்படுவதில்லை. நம் தமிழ்த்துறைகளுக்கு ஜப்பான் மேல் வந்த பிரியம் ஒரு காணாமற்போன பங்காளியைக் கண்டுபிடித்த பிரியம். பங்காளி நம்மை 'ஆமாம், அண்ணா' என்று சொல்லிவிட்டால் போதும். அவன் என்ன சாப்பிடுகிறான், ஞாயிற்றுக்கிழமை என்ன படம் பார்க்கிறான் என்று யாருக்கும் கவலை இல்லை.

மூன்று, ஒரகடம் ஜப்பான். அங்கேயும் ஸ்ரீபெரும்புதூரிலும் கம்பெனிகள் வந்தபின் சென்னையில் ஜப்பானிய மொழி வகுப்புகளுக்கு மவுசு. மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைக்கும். நல்லதுதான். சோறு போடும் மொழியை நான் பழிக்க மாட்டேன். ஆனால் அந்த வகுப்பிலிருந்து வெளியே வருகிறவன் இயந்திரத்தின் பாகங்களுக்குப் பெயர் சொல்லுவான். ஒரு சினிமா வசனத்தில் மாமனார் ஏன் முகம் திருப்பிக்கொண்டார் என்று சொல்ல மாட்டான். அவனுக்கு அது கற்பிக்கப்படவில்லை.

நான்காவது நம்முடையது. ஃபிலிம் சொஸைட்டி ஜப்பான். குரோஸாவா, மிஸோகுச்சி, ஓஸு. 1951-ல் வெனிஸில் ராஷோமோனுக்குத் தங்கச் சிங்கம் கிடைத்ததும் உலகத்தோடு சேர்ந்து நாமும் கும்பிட ஆரம்பித்தோம். இன்னும் எழுந்திருக்கவில்லை. இந்த நாலாவது ஜப்பான் மற்ற மூன்றைவிட உயர்ந்தது என்று நமக்கு ஒரு எண்ணம். மற்ற மூன்றைப் போலவே இதிலும் ஜப்பானிய மொழி இல்லை, ஜப்பானிய ஜனங்களும் இல்லை.

நண்பருக்கு ஒரு தகவல். ஏழு சாமுராய் வெளிவந்தது 1954-ல். தயாரித்தது தோஹோ கம்பெனி. அதே கம்பெனி அதே வருஷம் வெளியிட்ட இன்னொரு படம் காட்ஸில்லா. சாமுராய்களின் தலைவனாக வந்து நாம் உருகும் அதே தகாஷி ஷிமுரா, ராட்சசப் பல்லிப் படத்தில் விஞ்ஞானிக் கிழவராக வருகிறார். ஒரே முதலாளி, ஒரே நடிகர், அதே டிக்கெட் வாங்கிய கூட்டம். குரோஸாவா ஏதோ மலை உச்சியில் உட்கார்ந்து படம் எடுத்தவர் என்பது நம்முடைய கற்பனை. அவர் தோஹோவின் டைரக்டர். வசூலுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய டைரக்டர்.

காட்ஸில்லா எதனால் வந்தது? 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்தது. அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மேல் சாம்பல் விழுந்தது. 23 பேர் நோயோடு கரை திரும்பினார்கள். செப்டம்பரில் அவர்களில் ஒருவர் இறந்தார். நவம்பரில் படம் வந்தது. படத்தின் ஆரம்பமே கடலில் ஒரு கப்பல் திடீரென்று தீப்பற்றி மூழ்குவதுதான். ஹிரோஷிமாவுக்குப் பின் ஒன்பது வருஷம் கழித்து ஒரு ஜனசமூகம் தன் பயத்தை இருட்டு ஹாலில் உட்கார்ந்து பார்த்தது. அமெரிக்கர்கள் இதை வாங்கி, வெட்டி, நடுவில் ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரனைச் செருகி 1956-ல் வெளியிட்டார்கள். உலகம் பல்லியைப் பார்த்துச் சிரித்தது பெரும்பாலும் அந்தப் பிரதியை வைத்துத்தான். நம் சிரிப்பும் இரவல் சிரிப்புத்தான்.

இன்னும் கீழே வருகிறேன். தா.பழூரில் நான் குடியிருக்கும் தெருவில் சாயங்காலம் ஏழெட்டு வீடுகளில் ஒரே குரல் கேட்கும். ஐந்து வயதுப் பயல் ஒருவன் தமிழில் தன் அம்மாவை மட்டம் தட்டுகிற குரல். சின்-சான். நண்பர் சொல்லும் பொம்மைப் படம் இதுதான். கொள்ளிடக் கரையில் மாடு ஓட்டிவிட்டு வருகிற வீட்டுப் பிள்ளைகள் ஜப்பானைப் பற்றித் தெரிந்துகொள்வது இதன் வழியாக. அந்த வீடுகளில் குரோஸாவா பெயர் தெரியாது. கஸுகாபே என்ற ஊர் தெரியும்.

சின்-சான் குழந்தைகளுக்காகப் பிறந்தவனே அல்ல. யோஷிட்டோ உஸுயி 1990-ல் பெரியவர்கள் படிக்கும் வாரப் படக்கதைப் பத்திரிகையில் ஆரம்பித்த தொடர். 1992-ல் டெலிவிஷனுக்கு வந்தது. டோக்கியோ பங்குச் சந்தை உச்சத்தில் நின்றது 1989 டிசம்பர் கடைசியில். அடுத்த வருஷம் சரிய ஆரம்பித்தது. அந்த வருஷம்தான் இந்தக் குடும்பம் பிறக்கிறது. அப்பா ஹிரோஷி, கம்பெனி ஒன்றில் நடுத்தர உத்தியோகம். டோக்கியோவில் வீடு வாங்க முடியாமல் தொலைவில் உள்ள கஸுகாபேயில் வாங்கி, ரயிலில் நசுங்கி வேலைக்குப் போகிறவர். வீட்டுக் கடனில் இன்னும் 32 வருஷம் பாக்கி. இது அந்தத் தொடரில் திரும்பத் திரும்ப வரும் ஹாஸ்யம். வீட்டுக் கடன் லெட்ஜருக்கு முன்னால் தினமும் உட்காருகிறவன் நான். இந்த ஹாஸ்யத்தில் உள்ள கண்ணீர் எனக்குத் தெரிகிறது. ஒரு சமூகம் தன் வளமை முடிந்துபோனதை எப்படிச் சொல்லிக்கொண்டது என்பதற்கு இதைவிட அதிகம் பேர் படித்த ஆவணம் என்ன இருக்கிறது? நம்மிடம் அது வரும்போது அப்பாவின் கடன் பின்னால் போய், பையனின் குறும்பு மட்டும் மிஞ்சுகிறது. 2008-ல் மத்திய அரசு அதற்குத் தடை போட்டது. பிறகு வெட்டித் திருத்தித் திரும்ப விட்டார்கள். என்ன வெட்டினார்கள், ஏன், தமிழ்க் குரலில் என்ன ஆனது? இவை ஆராய்ச்சிக் கேள்விகள் இல்லையென்றால் எவை?

மொழி விஷயத்தைப் பாருங்கள். ஜப்பானிய வீட்டில் வெளியே கிளம்புகிறவர் சொல்லும் வார்த்தைக்கு நேர் அர்த்தம் 'போய்விட்டு வருகிறேன்'. நாமும் 'போறேன்' என்று சொன்னால் வீட்டில் திட்டு விழும். 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு வார்த்தை இல்லை. திரும்பி வருகிறவர் ஒன்று சொல்ல, வீட்டில் இருப்பவர் 'வந்தாயா, வா' என்ற மாதிரி பதில் சொல்வது அவர்கள் சம்பிரதாயம். சின்-சான் வாசலில் நுழையும்போதே, இருப்பவர் சொல்ல வேண்டியதைத் தானே சொல்லிக்கொண்டு வருவான். பாதிச் சிரிப்பு அங்கே. ஆங்கிலம் வழியாக வந்தால் இது செத்துப்போகும். ஜப்பானியத்திலிருந்து நேராகத் தமிழுக்கு வந்தால் பிழைக்கும்.

ஓஸு பக்தர்களுக்கும் இதே கதைதான். டோக்கியோ ஸ்டோரி, 1953. வெளியூரிலிருந்து வந்த வயதான தம்பதியிடம் பெற்ற மகள் வெடுக்கென்று பேசுகிறாள். போரில் இறந்த மகனின் விதவை, அந்நிய வீட்டுப் பெண், மரியாதைப் பேச்சு குறையாமல் பேசுகிறாள். படத்தின் உயிர் இந்த வேற்றுமை. ஆங்கில சப்டைட்டிலில் இரண்டு பேரும் ஒரே 'யூ'தான் போடுகிறார்கள். தமிழில் ஒருத்தி 'இருங்க' என்பதும் இன்னொருத்தி 'இரு' என்பதும் எங்கள் ஊர்க் கிழவிக்குக்கூடப் புரியும். நாம் ஓஸுவின் மௌனம் பற்றி இத்தனை கட்டுரை எழுதியிருக்கிறோம். அவர் பாத்திரங்களின் பேச்சை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் கிளைக்குக் கல்விக் கடன் விசாரிக்க வந்தவள். கீழ்க்கரைக் குடியானவர் வீட்டுப் பெண். எம்.ஏ. படிப்பின் கடைசியில் எழுத வேண்டிய ஆய்வேட்டுக்கு, ஜப்பானியப் பொம்மைப் படங்களின் தமிழ்க் குரல்களில் மரியாதைச் சொற்கள் எப்படி மாறுகின்றன என்று எடுத்துக்கொள்ள விரும்பினாள். அதற்காகத் தானே ஜப்பானிய எழுத்து படிக்கத் தொடங்கியிருந்தாள். அவளுடைய பேராசிரியர் சிரித்தாராம். கார்ட்டூனுக்கா டாக்டர் பட்டம் என்று வகுப்பில் கேட்டாராம். கடைசியில் பழைய காவியம் ஒன்றில் உவமைகளை எண்ணி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மேற்கொண்டு டெல்லிக்குப் போய்ப் படிக்க வீட்டில் விடவில்லை. இப்போது ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர். சம்பளம் என்னைவிட அதிகம். அதனால் அவள் நஷ்டப்பட்டாள் என்று சொல்ல மாட்டேன். நஷ்டம் நமக்கு. மரியாதைச் சொல் பற்றி அவள் எனக்கு கவுண்ட்டரில் நின்று பத்து நிமிஷம் சொன்னது, நான் மூன்று வருஷம் பி.ஏ. ஆங்கிலம் படித்ததில் கேட்டதைவிட அதிகம்.

அந்தப் பேராசிரியரின் சிரிப்பும் நம் நண்பரின் கோபமும் வேறு வேறு என்று தோன்றும். ஒருவர் பழமையின் காவலர், இன்னொருவர் நவீனத்தின் காவலர். ஆனால் இரண்டு பேரும் ஒரே கதவைத்தான் சாத்துகிறார்கள். ஜனங்கள் பார்ப்பது பார்க்கத் தகுந்ததல்ல என்பது இருவருக்கும் பொது.

இந்தக் கதவு ஜப்பானுக்கு மட்டும் சாத்தப்படவில்லை. தமிழ் சினிமாவையும் அரசியலையும் பற்றி உருப்படியாக எழுதியவர்கள் யார்? 1970-களில் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்கர். 1981-ல் தியடோர் பாஸ்கரன், தபால் இலாகா அதிகாரி. அதே 1981-ல் சிவத்தம்பி, தமிழ்ப் பேராசிரியர்தான், ஆனால் யாழ்ப்பாணத்தில். 1992-ல் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன், பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் அல்ல, ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்துகொண்டு. 1993-ல் மதுரை ரசிகர் மன்றங்கள் பற்றி ஸாரா டிக்கி, மறுபடி அமெரிக்கர். ஒரு நடிகரை முதலமைச்சராக்கிய ஜனங்களின் நடுவில் இருந்துகொண்டு நம் தமிழ்த்துறைகள் அந்த வருஷங்களில் உவமைகளை எண்ணிக்கொண்டிருந்தன. நாம் நம் பத்திரிகைகளில் அந்த ஜனங்களை வைதுகொண்டிருந்தோம். எண்ணுவதும் வைவதும் படிப்பு ஆகாது.

1998-ல் ரஜினிகாந்தின் முத்து டோக்கியோ ஷிபுயாவில் மாதக்கணக்கில் ஓடியது. வியாபாரப் பத்திரிகைகள் மார் தட்டின. நாம் முகம் சுளித்தோம். ஜப்பானில் அதற்கு வைத்த பெயர் 'ஆடும் மகாராஜா' என்ற அர்த்தம் தருவது. இங்கே நாம் பார்த்தது வண்டியோட்டும் வேலைக்காரனின் கதை. அவன் ஜமீன் வாரிசு என்பது கடைசியில் உடையும் ரகசியம். அங்கே முதல் போஸ்டரிலேயே அவன் மகாராஜா. ஒரே படம், இரண்டு ஜனங்களின் இரண்டு ஆசைகள். வேலைக்காரன் எஜமானாக வேண்டும் என்பது நம் ஆசை. தூரதேசத்தில் கவலையில்லாமல் ஆடும் ராஜா ஒருவன் இருக்க வேண்டும் என்பது, வீட்டுக் கடன் பாக்கியுள்ள ஹிரோஷிகளின் ஆசை. இது என் ஊகம். ஊகம் சரியா என்று சோதிக்க ஜப்பானியப் பத்திரிகைகளைப் படிக்கத் தெரிந்த தமிழன் வேண்டும்.

சரி, ஜப்பானியர் தங்கள் வெகுஜனக் கலையைப் படிக்கப் பல்கலைக்கழகத்தின் உத்தரவுக்காகக் காத்திருந்தார்களா? இல்லை. அது ஆரம்பித்தது நம்மைப் போன்றவர்களிடம். தோல்வியின் சாம்பல் ஆறுவதற்குள், 1946-ல், ஷுன்ஸுகே ட்ஸுருமியும் நண்பர்களும் 'சிந்தனையின் விஞ்ஞானம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். ஒரு தேசமே யுத்தத்தில் எப்படி ஏமாந்தது என்று தெரிய வேண்டுமானால், தத்துவப் புத்தகங்களை மட்டும் அல்ல, சாதாரண ஜனங்கள் பாடியதையும் பார்த்ததையும் படிக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 1954-ல் அந்தப் பத்திரிகைக்கு நீகாத்தாவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. மலிவான சண்டைப் படங்களில் வரும் போக்கிரிகளின் தர்மம் பற்றியது. எழுதியவர் தடாவோ ஸாட்டோ. டெலிபோன் இலாகாத் தொழிலாளி. பல்கலைக்கழகம் பார்க்காதவர். ட்ஸுருமி அதைக் கொண்டாடினார். 2022-ல் இறக்கும்போது ஸாட்டோ, ஜப்பானிய சினிமாவின் சரித்திரத்தை எழுதியவர். நம் அரவிந்தனின் கும்மாட்டியைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர். போக்கிரிப் படத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் கும்மாட்டியையும் பார்க்கத் தெரிந்தது. பல்கலைக்கழகங்கள் பிறகு வந்தன. கியோட்டோவில் ஒரு பல்கலைக்கழகம் படக்கதைக்கென்று தனிப் புலமே ஏற்படுத்தியது 2006-ல்தான். சிறுபத்திரிகை போட்ட பாதை அது. அந்தப் பாதையைத்தான் நம் சிறுபத்திரிகை நண்பர் சீரழிவு என்கிறார்.

இரண்டு ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் ஜப்பானிய அரசின் சாமான் விற்கும் தந்திரம் என்பார்கள். உண்மைதான். படக்கதையையும் பொம்மைப் படத்தையும் ஏற்றுமதிச் சரக்காக வைத்து அந்த அரசு 2013-ல் தனி நிதியே தொடங்கியது. 2025-ல் அவர்களுடைய அரக்கர் வேட்டைப் படம் ஒன்று தமிழிலேயே பேசிக்கொண்டு நம் தியேட்டர்களுக்கு வந்தது. நாம் படித்தாலும் படிக்காவிட்டாலும் சரக்கு வந்திறங்கும். படிக்காதவன் வெறும் வாடிக்கையாளன்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் பலமானது. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் வாய்க்குள் நுழையாத ஆங்கிலக் கலைச்சொற்களின் ஜல்லி என்பது. இதிலும் எனக்கு மறுப்பில்லை. சப்டைட்டிலை வைத்துக்கொண்டு ஜப்பானிய மனத்தைப் பற்றி இருநூறு பக்கம் எழுதுவது பம்மாத்து. ஆனால் அதற்கு மருந்து மொழியைப் படிப்பது. டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானியத்துக்கு பி.ஏ. முதல் ஆராய்ச்சிப் பட்டம்வரை இருக்கிறது. சாந்திநிகேதனில் அதற்கென்று தனிப் பவனம் இருக்கிறது. கல்கத்தா ஜாதவ்பூரில் 1993-லேயே சினிமா ஆய்வுக்குத் துறை வந்தது. இவற்றைத் தமிழுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

ஏன் தமிழுக்குப் பக்கத்தில்? இதற்குப் பதிலாக ஒரே ஒரு மாதத்தை எடுத்துக்கொள்கிறேன். 1943 அக்டோபர். 11-ம் தேதி ஜப்பானிய விமானம் சென்னைமேல் குண்டு போட்டது. பத்து நாள் கழித்து, 21-ம் தேதி, சிங்கப்பூர் கேதே சினிமாக் கொட்டகையில் சுபாஷ் போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார். அவர் படையில் சேர்ந்தவர்களில் மலேயா ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் ஏராளம். அதே சமயம் இன்னும் பல்லாயிரம் தோட்டத் தமிழர்களை ஜப்பானிய ராணுவம் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோய்ச் சாகவிட்டது. அந்த மாதம் அதே சிங்கப்பூரில் நம் ஓஸு இருந்தார். ஆம், மௌனத்தின் கலைஞர் ஓஸு. இந்திய விடுதலைப் படையைப் பற்றி டெல்லி நோக்கிச் செல்வதாக ஒரு பிரசாரப் படம் எடுக்க ராணுவம் அவரை அந்த வருஷம் அங்கே அனுப்பியிருந்தது. ராணுவப் பிரசாரத் துறை இயங்கியதும் கேதே கட்டிடத்தில்தான். படம் முடியவில்லை. பறிமுதல் செய்யப்பட்ட அமெரிக்கப் படங்களை, ஸிட்டிஸன் கேன் உட்பட, பார்த்துக்கொண்டிருந்தார். தோல்விக்குப் பின் 1946-ல் ஊர் திரும்பினார்.

ஓஸுவின் காமிராவுக்கு முன்னால் நின்றிருக்கக்கூடியவர்கள் நம் ஜனங்கள். தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிய குடும்பங்களின் பிள்ளைகள். ஓஸு பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு இது ஒரு அடிக்குறிப்பு. நமக்கு இது அடிக்குறிப்பா? ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி 1972-ல் வந்தது. அந்த நாவலின் காலம் ஜப்பானியர் காலம். அதைக் கொண்டாடும் நாம், அந்தக் காலத்தில் ஜப்பானிய ராணுவம் அந்த ஊர்களில் என்ன படம் காட்டியது, என்ன பாட்டுப் போட்டது என்று கேட்டதுண்டா?

இன்னொன்று. 1954-ல் எஸ். பாலசந்தர் அந்த நாள் எடுத்தார். பாட்டே இல்லாத தமிழ்ப்படம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் படம். ராஷோமோனின் பாதிப்பில் பிறந்தது என்பார்கள். அதன் பின்னணி அந்த 1943 அக்டோபர் 11 குண்டுவீச்சு. கதாநாயகன் ஜப்பானுக்குத் துப்புக் கொடுக்கும் துரோகி. எதிரியும் ஜப்பான், கதை சொல்லும் உருவமும் ஜப்பான். ஆனால் ராஷோமோனில் கொன்றது யார் என்று கடைசிவரை தீராது. அந்த நாளில் தீர்ந்துவிடுகிறது, மனைவியின் கையில் துப்பாக்கி. உருவத்தை வாங்கிக்கொண்ட நாம் அதன் சந்தேகத்தை வாங்கிக்கொள்ளவில்லை. ஏன்? தமிழ் மனதைப் பற்றி இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. இதை ஜப்பானிய சினிமா தெரிந்த தமிழன்தான் கேட்க முடியும். தமிழ் மட்டும் தெரிந்தவனுக்குக் கேள்வி எழாது. ஜப்பானியம் மட்டும் தெரிந்தவனுக்கு அக்கறை இராது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பக்கத்து ஊரைக் காட்டுகிறேன். கங்கைகொண்ட சோழபுரம். சோழர் கல்வெட்டுகளைப் படிக்க 1961-ல் நொபொரு கராஷிமா என்ற ஜப்பானிய இளைஞர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். தமிழ் படித்தார், கல்லைப் படித்தார். காவிரிக் கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, பிராமணர் ஊரிலும் மற்ற ஊரிலும் நில உடைமை எப்படி வேறுபட்டது என்று எழுதினார். சுப்பராயலு, மட்சுயி இருவரோடும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் உள்ள மனிதர் பெயர்களை எல்லாம் அடைவு செய்து 1978-ல் வெளியிட்டார். ராஜாவின் மெய்க்கீர்த்தியை விட்டுவிட்டு, நிலம் விற்றவன், வாங்கியவன், சாட்சி போட்டவன் பெயரை எண்ணினார். 2010-ல் கோவையில் அவசரமாக மாநாடு கூட்டியபோது, ஆய்வுக்கு இந்த அவகாசம் போதாது என்று விலகி நிற்கவும் தெரிந்தவர். அவர் நம்மைப் பங்காளி என்று புகழவில்லை, நம் கலையைக் கும்பிடவில்லை. நம்மைப் படித்தார். ஒரு ஜனத்துக்கு இன்னொரு ஜனம் செய்யக்கூடிய மரியாதை அது.

அந்த மரியாதையைத் திருப்பிச் செய்ய நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள், நாம் அனுப்பிவிட்டோம். என் கோரிக்கை சிறியது. தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில், வேலைக்காக அல்லாமல், படிப்பதற்காக ஜப்பானிய மொழி. அதில் ஓஸுவும் இருக்கட்டும், காட்ஸில்லாவும் இருக்கட்டும், சின்-சானும் இருக்கட்டும். ஆய்வேடு தமிழில் எழுதப்படட்டும். பல்கலைக்கழகம் செய்யாது என்றால் நம் பத்திரிகைகள் முதல் பக்கத்தை ஒதுக்கட்டும்; ட்ஸுருமி ஒரு டெலிபோன் தொழிலாளிக்கு ஒதுக்கியது போல.

நண்பர் அடுத்த இதழில் பதில் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். எழுதுவதற்கு முன் 1954-ன் காட்ஸில்லாவை, அமெரிக்கர்கள் கை வைக்காத பிரதியை, ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.